எத்தனாவது படி?

"கயித்தை இவ்வளவு இறுக்கிக் கட்டாதீங்க மாமா. தண்ணி ஏறினா படகும் கூடவே ஏற வேண்டாமா? இப்படிப் பிடிச்சு வச்சா நாமளே முழுகடிச்ச மாதிரி ஆயிடும்."

இடுப்பளவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தபடியே சொன்னார் மச்சான். தச்சரின் மனைவிக்குத் தம்பி. ஆற்றில் படகு ஓட்டிப் பிழைப்பவர். தன் படகுக்கு இரண்டு நங்கூரம் போட்டு, கயிற்றை நீளமாக விட்டுக் கட்டிவிட்டு, மாமா படகு என்ன ஆயிற்றோ என்று மழையோடு மழையாக வந்திருந்தார்.

"அவிழ்ந்து ஓடிடுமோன்னு பயம் மச்சான்," என்றார் தச்சர்.

"எங்கேயும் ஓடாது. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. நாலு கயிறும் தளர்வா இருக்கட்டும். தண்ணி ஏற ஏற விட்டுக் கொடுப்போம். குடும்பம் நடத்தற மாதிரிதான். பிடியும் வேணும், விட்டும் கொடுக்கணும்."

"இவர்கிட்ட பிடி எங்கேடா இருக்கு?" என்றாள் மாடிப்படியில் நின்றிருந்த தச்சர் மனைவி.

அவளுக்கு வாய் மட்டும்தான் அப்படி. கை, கயிற்றை விடவில்லை. ஊரார் வீட்டுக் கதவு, ஜன்னலெல்லாம் செய்து கொடுத்ததுபோக மிச்ச நேரத்தில், தச்சர் ஒற்றை ஆளாக இழைத்து இழைத்துச் செய்த படகு அது. "எனக்குப் பிள்ளைங்க ரெண்டு, சக்களத்தி ஒண்ணு" என்று அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகளைக்கூட இப்படித் தடவிக் கொடுத்ததில்லை மனிதர்.

மாடி ஜன்னல் திறந்தது. இடத்துக்குச் சொந்தக்காரர் தலையை நீட்டினார்.

"தச்சரே, சுவத்துல ஒரு கீறல் விழுந்தாலும் சும்மா இருக்க மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள இந்தப் படகு இங்கேருந்து போயாகணும். இல்லேன்னா கோடாலியால பிளந்து விறகாக்கிடுவேன். சொல்லிட்டேன்."

"போயிடும் ஐயா. இந்தப் புயலுக்குத் தப்பிப் பிழைக்கட்டும்," என்றார் தச்சர் பணிவாக.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

"அவர் கிடக்கறார் விடுங்க. படகு ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல மச்சான். ரெண்டு தரம் ஏறிப் பாத்துட்டேன்." பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சொன்னார் தச்சர். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "தண்ணி எத்தனாவது படியில இருக்கு?"

"ஆறு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்துப் பேய்க்காற்று ஒன்று வந்தது. பின்பக்கக் கயிறு பட்டென்று அறுந்தது. படகு வாலைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் போனது. முட்டுக்குத் தொங்கவிட்ட பழைய டயரெல்லாம் மறுபக்கத்தில் இருந்தன. தச்சர் குறுக்கே பாயப் போக, மச்சான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல போகாதீங்க மாமா. படகு போனா செஞ்சுக்கலாம், ஆள் போனா யார் செய்யறது?"

தச்சர் மனைவி மேலே ஓடினாள். வரும்போது தோளில் பஞ்சு மெத்தை இருந்தது. சுருட்டினபடியே சுவருக்கும் படகுக்கும் நடுவில் வீசினாள். படகு அதில் முட்டி நின்றது. மச்சான் புதுக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டார்.

"சக்களத்திக்கு மெத்தையா?" என்ற தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பின்னே? இத்தனை வருஷம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணியாச்சு. விட்டுட முடியுமா? கயித்தைப் பாருங்க."

காற்று ஒருவழியாக அடங்கியது. மழையும் தூறலானது. மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே, "சாயங்காலம் வடிஞ்சிடும்னு ரேடியோல சொன்னான்," என்றார்.

தச்சர் முகம் விழுந்துவிட்டது. படகுக்காரர்கள் எல்லாருக்குமே வெள்ளம் ஏறும்போது இருக்கிற பயத்தைவிட வடியும்போதுதான் பயம் அதிகம். படகு எசகுபிசகாகச் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் போனதும் முதுகெலும்பு ஒடிந்துவிடும்.

"இப்போ எத்தனாவது படி?"

"எட்டு."

கயிற்றை ஒரு முழம் விட்டார்கள். பிறகு இன்னொரு முழம். மூன்று பேரும் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பது முழுகிடுச்சுங்க," என்றாள் அவள்.

தச்சர் கழியை முழுகிப்போன மதில் சுவரின் மேல் நிறுத்தி, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"மச்சான், கயித்தை அவிழ்."

மச்சான் மறுபேச்சுப் பேசாமல் நாலில் மூன்றை அவிழ்த்தார். இருவரும் படகில் ஏறிக் கழியை ஊன்றித் தள்ளினார்கள். அவள் படியில் நின்று கடைசிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். படகின் அடிப்பக்கம் சுவரின் தலையைத் தொட்டும் தொடாமலும் நழுவியது.

பலகை பலகையாக நூல் பிடித்து அளந்தவர், வாசல் கேட்டின் அகலத்தை மட்டும் அளக்க மறந்துபோனார். வாடகை வீட்டு முற்றத்தில் கட்டி முடித்து, வெளியே எடுக்க வழியில்லாமல் தெருவே சிரிக்க ஐந்து வருடம் கிடந்த படகு, மதிலைத் தாண்டித் தெருவில் இறங்கி, முதல் முறையாக ஆற்றைப் பார்க்கப் புறப்பட்டது.