வாரம் ஒரு வாசனை

"சொல்லு வரலட்சுமி, இன்னிக்கு இன்னா எலை?"

ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு சிவப்பிரகாசம் நர்சரிக்குள் நுழைந்தார். பூஞ்சேரி கூட்டுரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மூலிகைச் செடிகள் விற்கும் சின்ன நர்சரி அது. மாமல்லபுரத்து ஓட்டல்கள் சிலவற்றுக்குப் புதினாவும் அங்கிருந்துதான் போகிறது.

"கற்பூரவல்லி மாஸ்டர். ஒக்காருங்க" என்றாள் வரலட்சுமி.

நாலு வருடத்துக்கு முன்புவரை அவர் நிஜமாகவே மாஸ்டர்தான். மதுராந்தகம் பக்கம் கல்யாணம் என்றால் பிரியாணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாயில் வைத்தே பார்க்க மாட்டார். தம் உடைக்கும்போது எழும் ஆவியை மோந்து, எது கூட, எது குறைச்சல் என்று சொல்லிவிடுவார்.

கொரோனா வந்தது. உடம்பு தேறியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. அதை மறைத்து, செய்யூரில் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார். அண்டா அடிப்பிடித்துக் கருகியது பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்தவர்தான். இப்போது செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஆட்டோ ஓட்டுகிறார்.

தினமும் வாசனையுள்ள இலைகளை மோந்து பாருங்கள், என்றைக்காவது திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதால் இந்த நர்சரிக்கு வந்தார். எந்த இலையும் பேசவில்லை. ஆனால் வரலட்சுமி பேசினாள். ஒரு வருடமாகப் புதன்கிழமை தவறாமல் அவள் சொல்வதைக் கேட்கவே வருகிறார்.

அவள் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினாள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"ஐப்பசி மழை மாஸ்டர். பள்ளிக்கூடம் வுட்டு தொப்பலா நனைஞ்சி வூட்டுக்கு வரேன். எங்கம்மா இந்த எலைய கடலமாவுல தோய்ச்சி எண்ணெயில போட்டுக்கினு கீது. ஈரப் பாவாடை, அடுப்புப் பொகை, இந்த எலை... மூணும் ஒண்ணா சேந்து தொண்டைக்குள்ள சில்லுனு எறங்குது."

சிவப்பிரகாசம் தொண்டையைத் தடவிக்கொண்டார். "எறங்குதும்மா."

அணுபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி குறுக்கிட்டார். "இது லெமன்கிராஸ்தானே? பார்த்தா வெறும் புல்லாட்டம் இருக்கே?"

வரலட்சுமி இலையின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். "அதேதாங்க. ஓரம் எப்பிடி அறுக்குது பாருங்க. டீத்தண்ணியில ரெண்டு துண்டு போட்டுக் குடிங்க, வயித்துக்கு நல்லது."

பெண்மணி தொட்டியோடு ஸ்கூட்டரில் கிளம்பும்வரை சிவப்பிரகாசம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இன்னொண்ணு சொல்லேன்."

அவள் மரிக்கொழுந்தின் நுனியைக் கிள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"இது எங்க கல்யாணத்தன்னிக்கி. கனகாம்பரத்துக்கு நடுவுல நடுவுல வெச்சி கட்டுன சரம். தல பாரம் தாங்கல. அவரு பக்கத்துல ஒக்காந்துகினு, ‘இன்னா இவ்ளோ வாசனை’ன்னு காதுல கேக்கறாரு. மறுநா பூ வாடிப்போச்சி மாஸ்டர். தலகாணியில மட்டும் இது நாலு நாளா போவவேயில்ல."

சொல்லிவிட்டு அந்தக் கொழுந்தைக் கீழே போடாமல் விரல்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவள் கணவன் எல்லப்பன் இறந்து எட்டு வருடம் ஆகிறது.

சிவப்பிரகாசம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"வரலட்சுமி, நான் மறுபடியும் அடுப்பு மூட்டலாம்னு கீறேன்."

"நெசமாவா மாஸ்டர்!" அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கூட்டுரோட்டுல சின்னதா ஒரு எடம் பாத்து வெச்சிக்கீறேன். பிரியாணிக் கடை. கை எதையும் மறக்கல, மூக்குதான் இல்ல. நீ பக்கத்துல நின்னு மோந்து சொன்னா போதும். உன்ன மாதிரி வாசனை புடிக்கிற ஆள நான் எங்கயும் பாத்ததில்ல."

அவள் காலி மண் தொட்டி ஒன்றை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"கடைக்கு மட்டும் கேக்கல" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டுக்கினே இருந்ததுல, எனக்குன்னு ஒண்ணு பண்ணிக்க வுட்டுப்போச்சி. நாப்பத்தெட்டு வயசுல கேக்கறேன், சிரிக்காத. புடிக்கலன்னா சொல்லிடு. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

வரலட்சுமி சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஆசதான் மாஸ்டர். இன்னிக்கி நேத்து ஆச இல்ல, நீங்க வந்த நாலாவது வாரத்துலேந்து. ஆனா உங்க அடுப்புக்கிட்ட வந்து நிக்க முடியாது."

"ஏம்மா? ஊரு இன்னா பேசும்னா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"உங்களுக்கு வந்த அதே ஜொரந்தான் எனக்கும் வந்துச்சி மாஸ்டர், நாலு வருசமா எனக்கும் ஒரு வாசனையும் தெரியாது" என்றாள். "ஒவ்வொண்ணா மறந்துகினே இருந்தேன், நீங்க வாரா வாரம் வந்து கேக்கறதாலதான் எல்லாம் திரும்ப நெனப்புக்கு வருது."