பன்னிரண்டாம் வீட்டுத் துளை

தெருவைத் தோண்டாமலே பழைய சாக்கடைக் குழாய்க்குள் புதுக் குழாயைச் செலுத்தியாயிற்று. அது எல்லா வீட்டு இணைப்பையும் அடைத்துவிடும். உள்ளே போகும் இயந்திரம்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் துளை போட வேண்டும். வேனுக்குள் திரையைப் பார்த்தபடி சகாயராஜ் இருபத்திரண்டு வீடுகளைத் திறந்துவிட்டான். பன்னிரண்டாம் வீடு மட்டும் அகப்படவில்லை. கண் எரிந்தது.

அந்த வீட்டு அல்லிராணி டீ கொண்டுவந்தாள். "எங்க வீட்ட எப்ப தம்பி திறப்பீங்க? ரெண்டு நாளா தண்ணி ஊத்தாம கெடக்கோம்."

டீயைக் குடித்துக்கொண்டே, வேலைக்கு முன் பழைய குழாய்க்குள் எடுத்த படத்தை மறுபடி ஓட்டினான். அவள் வீட்டுக்கு நேராகத் துளையே இல்லாத வெறும் குழாய்ச் சுவர்தான் இருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக் குழாய் இதுல சேரவே இல்ல."

"அதெப்படி? இருபத்தாறு வருஷத்துல ஒருநாள்கூட அடச்சதில்லையே."

அத்தனை வருஷக் கழிவும் மண்ணுக்குள்தான் இறங்கியிருக்க வேண்டும்; அதை விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. "வீட்டுல கிணறு இருக்கா?"

"இருக்கு. குடிக்க, சமைக்க, எல்லாத்துக்கும் அதுதான். எந்தக் கோடையிலயும் வத்தாது," என்று பெருமையாகச் சொன்னவள், வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு மெதுவாகக் கையை நீட்டி அவனிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதி காலியாகியிருந்தது.