கரி படாத கூண்டு

"இன்னும் ரெண்டு முழம் ஏத்து, பொன்னையா. பஸ்ஸில வாறவன் கழுத்த வளைச்சுப் பாக்கணும்."

கூரை மேல் நின்ற மேசன் பொன்னையா, கீழே நின்ற இத்ரூஸ் முதலாளியைப் பார்த்தார். "ஏத்தலாங்க மொதலாளி. காத்துக்கு நிக்கணுமே" என்றார். விழுந்தால் மேலே நிற்கிற உன் தலையில்தான் விழும், எனக்கென்ன என்று சொல்லிவிட்டார் முதலாளி.

யட்டவத்தையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்றுப் பெரிய மனிதரானவர் அவர். பெரிய மனிதர் என்று அவரேதான் சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் நேரமில்லை.

மகள் ஜெஸீமாவுக்கு உக்குவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வாப்பாவின் வாயால் முன்னே இரண்டு இடம் கலைந்து போனவள், இது மட்டும் கலையக் கூடாதென்று ஐந்து நேரமும் கையேந்தினாள். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு மூச்சிழுப்பு. அதனால் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் இந்த வீட்டில் குசினிப் புகை வெளியே போக வேண்டும். அவர்கள் கேட்டது அது ஒன்றுதான். இரண்டு வீட்டாரும் இன்னும் முகம் பார்க்கவில்லை. பேச்செல்லாம் தரகர் ஜைனுதீன் வாயால் நடந்தது.

முதலாளி வீட்டுப் புகைக்கூண்டோ குட்டை. புகை கூரை முகட்டைத் தாண்டாமல் திரும்பிக் குசினிக்கே வந்துவிடும். ஜெஸீமா எப்போதும் சிவந்த கண்ணோடுதான் சோறு பரிமாறுவாள். அத்தனை வருடம் அது அவர் கண்ணில் படவில்லை. சம்பந்தி கண்ணில் படும் என்றதும் மேசன் வந்தார்.

கூண்டு உயர்ந்தால் போதுமா? பங்களா மாதிரி அழகாகவும் இருக்க வேண்டும், கைக்காசும் கரையக் கூடாது. இடிந்துபோன தோட்டத்து ஸ்டோரிலிருந்து பழைய செங்கல் வந்தது. உடைந்த பீங்கான் கோப்பைகளும் நீலப் போத்தல் அடிகளும் சாந்தில் பதிந்து பூவாக விரிந்தன. அடி தட்டிய பழைய பானை ஒன்று கூண்டின் உச்சியில் மகுடமாக உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு. உள்ளதைச் சொல்ல வேண்டும், கண்ணுகளே, வேலை அழகாகத்தான் இருந்தது. அழகு பொன்னையாவின் கையில். பெருமை முதலாளியின் வாயில்.

"மினாரா நல்லாத்தான் இருக்கு, நானா" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜுனைதா. "பாங்கு சொல்ல யாரு ஏறப் போறது?"

வேலை இழுத்துக்கொண்டே போனது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்ற போதெல்லாம், முதலாளிக்கு நெஞ்சுவலி, கட்டிலில் கிடக்கிறார், எழும்பியதும் வாருங்கள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். பாதிக் கூண்டைக் காட்டுவதைவிட முழுப் பொய் சொல்வது அவருக்குச் சுலபம்.

கடைசியில் நாள் குறித்தாயிற்று. பகல் பஸ்ஸில் வருகிறார்கள். தரகருக்குக் காய்ச்சல் என்பதால் வழியை மட்டும் சொல்லியிருந்தார்: பஸ் வளைவில் திரும்பும்போதே உயரமான வெள்ளைக் கூண்டு தெரியும், அந்த வீடுதான்.

அன்று காலை முதலாளியின் மனைவி நூருன்னிஸா அடுப்பில் விறகை வைத்தாள். முதலாளி ஓடி வந்து அதை உருவி எறிந்தார்.

"கரி ஏறினா வெள்ளை என்னத்துக்கு ஆகும்? அவங்க பாத்திட்டுப் போற வரைக்கும் இதுல நெருப்பு வைக்கப்படாது."

"புகை போறதக் காட்டத்தானே கட்டினீங்க?"

பெண்களுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தபடி அவர் கூண்டைப் பார்க்கப் போய்விட்டார்.

விருந்துக்குச் சமைக்க வேண்டுமே. கூப்பன் அரிசியை ஒதுக்கிவிட்டு வாங்கி வைத்த சம்பாவோடு நூருன்னிஸா வேலியடியில் போய் நின்றாள். கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள் ஜுனைதா.

"எங்க வாப்பா மௌத்தாகி அடுப்பு மூட்டாத மூணு நாளும் ஒங்க குசினிச் சோறுதானே ராத்தா எங்களுக்கு வந்துச்சு. இன்னைக்கு நான் ஆக்கித் தாறேன்."

பகலானது. சுற்றியுள்ள வீட்டுக் கூரைகளிலெல்லாம் புகை எழுந்தது. ஜுனைதாவும் அவள் மச்சிமாரும் தலையை மூடிக்கொண்டு, மூடிய சட்டிகளை ஒவ்வொன்றாக முதலாளி வீட்டுக்குள் கொண்டு போனார்கள். நாற்காலி வாடகைக்கு எடுக்க மனமில்லாமல் பள்ளிவாசலில் இரவல் கேட்ட வாங்குகள் முற்றத்தில் கிடந்தன. வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள் அவற்றில் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று ஒருவரும் பேசவில்லை.

பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, அங்கேயே கூடி ஏதோ பேசினார்கள். ஒருவர் எதிரே இருந்த கடைக்குள் போய்ப் பாண் ரொட்டியும் பழமும் வாங்கி வந்தார். பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு மெதுவாக நடந்தார்கள்.

வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக முதலாளி வாசல் படலையடியில் நின்றார். முதலில் வந்தவர்களின் கையைத்தான் பார்த்தார். மஸ்கட் இனிப்புத் தட்டைக் காணவில்லை. பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும். பிச்சைக்காரச் சம்பந்தம் என்று மனதுக்குள் காறித் துப்பினார். ஆனாலும் ஒருவர் விடாமல் எல்லோரும் கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததில் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் வாப்பா ஜவாஹிர், நரைத்த தாடிக்காரர், முன்னால் வந்தார். ஸலாம் சொல்லி முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அல்லாட நாட்டம், தம்பி. மொதலாளிட மையித்த அடக்க எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?"