பூவாயி வாங்கிய பதினெட்டு

வயிற்றில் நூறு முட்டையோடு ஒரு கொசு பயிற்சிக்கூடத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. உள்ளே கொசு ஒழிக்கும் பணியாளர்களுக்குக் கம்ப்யூட்டரில் பாடமும் பரீட்சையும் நடந்து முடிந்திருந்தன. சுவரில் இருந்த பல்லிக்கு நல்லவேளையாக வயிறு நிறைந்திருந்தது.

"அண்ணே, இதுல ரொம்ப மட்டமா மார்க் வாங்கினது யாரு? அவங்க வேலை பார்க்கிற தெருவுல முட்டை வைக்கிறேன். எனக்கு இதுதான் கடைசி ஈடு."

"பூவாயி. நூத்துக்குப் பதினெட்டு," என்றது பல்லி. "படத்துல தண்ணித்தொட்டி வந்தா மவுசால கிளிக் பண்ணணும், தானா கவிழும். அந்தம்மா எழுந்து கம்ப்யூட்டரையே பிடிச்சுச் சாய்ச்சிருச்சு. கூடமே சிரிச்சுது."

கொசுவும் சிரித்தது. பூவாயியின் தெருவுக்குப் பறந்தது. ஒரு வீட்டு வாசலில் பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈர விளிம்பில், ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவைத்தது. பிறகு செடியில் காவல் இருந்தது.

மறுநாள் காலை பூவாயி வந்தாள். தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினாள். கொசு பதறவில்லை. முட்டைகள் தட்டோடு ஒட்டியிருக்கின்றன. காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரித்துவிடும். நூறு மார்க் வாங்கினவர்களே அதோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பூவாயி போகவில்லை. குத்தவைத்து உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த தேங்காய் நாரை எடுத்து விளிம்பைத் தேய்த்தாள்.

"தண்ணியைத்தான் கொட்டியாச்சே, இன்னும் என்னக்கா?" என்றாள் வீட்டுக்காரி.

பூவாயி விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இரு தாயி. இன்னும் சொரசொரங்குது."