சூரனுக்கு ஆறு முட்டை

“நம்புங்க டாக்டரம்மா, ஒரு நாளைக்கு அவிச்ச முட்டை ஆறு. ஊற வச்ச கொண்டக்கடலை அரைக்கிலோ. பேரீச்சம்பழம் கால் கிலோ. இந்த வயசு வரைக்கும் நானே அப்படித் தின்னதில்ல” என்றார் ராசாங்கம்.

கால்நடை மருத்துவர் வளர்மதி காளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

தை பிறக்க இன்னும் ஐந்து வாரம். போன வருஷம் ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிய நொடியிலேயே சூரன் பிடிபட்டுவிட்டான். விக்கிரமங்கலம் டீக்கடையில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

“அந்த டீக்கடைக்கு நான் தலை நிமிந்து போவணும். புரோட்டீன் குடுத்தா சதை புடிக்கும், ரத்தம் ஊறும்னு யூடியூப்ல சொன்னாங்க. எல்லாம் எனக்கு மனப்பாடம். தவிடு, புண்ணாக்கெல்லாம் அன்னைக்கே நிறுத்திட்டேன்.”

“மாடு வைக்கோலையும் புண்ணாக்கையும் தின்னே தனக்கு வேண்டிய புரோட்டீன சேத்துக்கும் ஐயா. முட்டை மனுசங்க திங்கிறது.”

“மனுசங்கள வாடிவாசல்ல அவுத்து விட முடியுமா?”

வளர்மதி, கயிற்றைப் பிடித்தபடி நின்ற மருமகள் சத்யாவைப் பார்த்தார். ஏழு மாத வயிறு.

“நீ என்னம்மா சாப்பிடுற?”

பதில் மாமியார் சிந்தாமணியிடமிருந்து வந்தது. “அவளுக்கு என்ன கொறச்சல், மூணு வேளையும் ரசஞ்சோறு. முட்டை சூடு. கண்டதயும் தின்னு வயித்துல புள்ள பெருத்துட்டா ஆஸ்பத்திரியில அறுக்கணும்பாங்க.”

“நர்ஸ் ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லாம என்ன? ரத்தம் எட்டுதான் இருக்கு, இப்படியே வுட்டா புள்ள தங்காது, முட்டை குடு, பயறு குடுன்னு ரெண்டு மாசம் முன்னாடி பயமுறுத்திட்டுப் போச்சு. நான் ஒண்ணும் குடுக்கல. போன வாரம் வந்து பாத்தா ரத்தம் பதினொண்ணு. நர்சு வாயடச்சுப் போச்சு. எங்க வூட்டு ரசத்துல அவ்ளோ சத்து.”

வளர்மதி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். காளையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நாக்கைப் பார்த்தார். சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“தீனி வைக்கிறது யாரு?”

“மருமகதான்” என்றார் ராசாங்கம். “இவ கையால வச்சாத்தான் திங்கிறான். காலையில மூணு முட்டை, சாயந்தரம் மூணு. ஒரு நாள் தவறுனதில்ல.”

“அப்படியாம்மா?”

சத்யா உதடு பிரியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

“பெரியவங்க முன்னாடி வாயத் தொறக்க மாட்டா. அந்த மாதிரி வச்சிருக்கேன்” என்ற சிந்தாமணியின் முகத்தில் பெருமை.

ராசாங்கம் குரலைத் தாழ்த்தினார். “செய்வினையா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் டாக்டரம்மா. தா.பழூர்க்காரன் ஒருத்தன் போன மாசம் வந்து இவன உத்து உத்துப் பாத்துட்டுப் போனான்.”

“செய்வினையும் இல்ல, நோயும் இல்ல” என்ற வளர்மதி, சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். “முட்டைய எட்டாக்கிடுங்க. முளைகட்டின பச்சப்பயறு, வேர்க்கடலை ரெண்டும் சேத்துக்குங்க. ரெண்டு மாசம் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தவிடு, புண்ணாக்க நீங்க வைங்க. ஆனா இந்தத் தீனிய இந்தப் பொண்ணுதான் வைக்கணும். அப்ப யாரும் கொட்டாய் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. மாடு மிரண்டா செரிக்காது.”

“தைக்குத் தேறிடுவானா?”

“இந்த வருஷம் வாடிவாசல் வேணாம் ஐயா. அடுத்த வருஷம் பாத்துக்குவோம்.”

ராசாங்கத்தின் முகம் தொங்கிப்போனது. டீக்கடைக்கு இன்னும் ஒரு வருஷம் போக முடியாது.

சிந்தாமணி மருமகள் பக்கம் திரும்பினாள். “கேட்டியா புள்ள? எட்டு. ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

சத்யாவின் கண்கள் கலங்கின. அப்போதும் வாய் திறக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியின் தலையில் இன்னும் கொஞ்சம் வேலை.

கூடுதல் முட்டை வாங்க ராசாங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பயறை ஊறப்போட சிந்தாமணி உள்ளே போனாள். வளர்மதி பையை மூடிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து சத்யாவிடம் நீட்டினார்.

“ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான் வந்ததுலேருந்து வாயில அடக்கி வச்சிருக்கிற முட்டைய இப்பவாவது மென்னு முழுங்கும்மா, விக்கிக்கப் போவுது.”