மைனஸ் ஐம்பத்தாறு

ரொட்டி அடுப்பின் வாயில் புகை குமைகிறது. காலை வெயில் அதற்குள் கலங்கி நிற்கிறது. தட்டு நிறையக் கரிக்கட்டைகள். ஓட்டல்காரரின் முதல் ஆர்டர் அது, வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. பேக்கரிக்காரி கையுறையைக்கூடக் கழற்றாமல் கொழுந்தனின் மடிக்கணினியைக் குத்துகிறாள். அடுப்புக்கு ஜாவா கணினிமொழியில் நிரல் எழுதிய மகராசன் அவன்தான்.

"இருநூறு டிகிரியை மைனஸ் ஐம்பத்தாறுன்னு காட்டுது! குளிருதேன்னு அது பாட்டுக்கு எரிஞ்சு தள்ளியிருக்கு!"

"பைட்ங்கிற சின்ன டப்பாவுல நூத்தி இருபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும் அண்ணி. மிஞ்சினா மைனஸுக்குத் தாவிடும்."

"தப்புன்னு மிஷின் சொல்லலையா?"

"எழுதும்போதே கத்திக்கிட்டுதான் இருந்துச்சு. அடைப்புக்குறி போட்டு பைட்டுன்னு எழுதினேன், 'பரவாயில்ல, திணிச்சுக்கோ'ன்னு அர்த்தம். வாயை மூடிக்கிச்சு."

அவள் சுடச்சுடத் தட்டை அவன் பக்கம் தள்ளுகிறாள். "போ, நீயே கொண்டுபோய்க் கொடு. ஓட்டல்காரர் கத்தினா, அவருக்கும் ஒரு அடைப்புக்குறி போட்டுட்டு வா."