கிளட்ச்சில் ஒரு கால்

"வெயில்ல ரப்பர் இப்படித்தான் ஆகும்க்கா" என்றார் மெக்கானிக், காருக்குள் தலையை நுழைத்தபடி.

"அப்படியா? ஷெட்டுக்குள்ள நிக்கிற காரைத் தேடி வந்து, கிளட்ச்சையும் பிரேக்கையும் மட்டும் பார்த்துப் பார்த்து அடிச்சுதா வெயில்?"

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் விடுவதாக இல்லை. ஷெட்டைக் கூட்டலாம் என்று காரை வெளியே நகர்த்தியபோது பிரேக்கில் அவள் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் பெடல் ரப்பரில் வரிகளையே காணோம். கிளட்ச் அதைவிட மோசம். ஒரு மூலையில் ரப்பர் கிழிந்து இரும்பு பளபளத்தது. உடனே போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள்.

"போன வருஷம் நீங்கதானே புது ரப்பர் போட்டீங்க? அப்புறம் அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, இனி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாராவாரம் நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணி வைக்கிறதோட சரி. ஓடாத காருக்கு ரப்பர் எப்படித் தேயும்?"

ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"கண்ணாடி இல்லாம என்னப்பா படிக்கிறீங்க?"

"படம் பார்க்கிறேன்."

"காரை யாரு எடுத்தது? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்."

அதற்குள் அம்மா காபியோடு வந்தாள். விஷயம் காதில் விழுந்ததுதான் தாமதம், டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"கேளுடி, நல்லா கேளு! நான் கோயிலுக்குப் போற நேரம் பார்த்து வண்டியைக் கிளப்பியிருப்பார். எதிர்ல வர்றது ஆளா மரமான்னு தெரியாத மனுஷனுக்குக் கார் ஒரு கேடா?"

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி அம்மாவையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா புருவத்தை உயர்த்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா."

"நான்தான்" என்றார், தரையைப் பார்த்து.

மகளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. "ஏதாவது ஆகியிருந்தா? குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்திருந்தா? அதுவும் கிளட்ச்ல வச்ச காலை எடுக்காமலே ஓட்டியிருக்கீங்க. புதுசா கத்துக்கிறவங்ககூட இவ்வளவு மோசமா ஓட்ட மாட்டாங்க. நீங்க பஸ் டிரைவரா இருந்தீங்கன்னு வெளிய சொல்லிடாதீங்க."

அப்பாவின் காது சிவந்தது. பணியில் இருந்த காலம் முழுக்க, நின்றபடி வரும் பயணி கம்பியைப் பிடிக்காமலே டிக்கெட் வாங்கலாம், அப்படி ஓட்டியவர் என்று பெயர் வாங்கியவர். கிளட்ச்சில் காலை ஊன்றி ஓட்டும் இளைய டிரைவர்களை டிப்போ வாசலிலேயே நிறுத்தி வறுத்தெடுத்தவர். இப்போது, "வயசாச்சு, கண்ணு" என்றார்.

மெக்கானிக் இருமினார். பிறகு வேகவேகமாக வேலையைப் பார்த்தார். பழைய ரப்பரின் விளிம்பை நெம்பிக் கழற்றினார். பெடலைத் துடைத்து, புதிய ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, நான்கு பக்கமும் இழுத்து மாட்டினார். மகள் கட்டை விரலால் அழுத்தி, நகர்கிறதா என்று பார்த்தபிறகே திருப்தியானாள்.

மாலை அவளுக்கு ரயில். கிளம்பும்போது கார் சாவியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இனிமே இது உன்கிட்டதான் இருக்கணும். அப்பா கெஞ்சுவார், கொஞ்சுவார். கொடுத்துடாதே."

"உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன்டி" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அம்மா.

"உன்னை நம்பித்தாம்மா போறேன்."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அப்பா, அம்மா, இன்னும் கிளம்பாத மெக்கானிக் மூவரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். திரும்பியதும் அப்பா வெடித்தார்.

"என் மானமே கப்பலேறிப் போச்சு! எதிர்ல வர்றது ஆளா மரமான்னு தெரியாதாமே?"

"பின்ன, மாட்டிக்கச் சொல்றீங்களா? நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். பாஸ் பண்ணிட்டு, நானே ஓட்டிட்டுப் போய் அவ வீட்டு வாசல்ல ஹார்ன் அடிக்கிறேன், பாருங்க" என்ற அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். "பேசாம பின்னால உட்காருங்க. தம்பி, நீங்க முன்னால வாங்க, இன்னிக்கு ரிவர்ஸ்தானே?"